புரத ஆய்வில் தேர்வு என்னும் பிரச்சினை: திணிவு நிறமாலைமானியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

அறிவியற் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் கூர்மையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தொலைநோக்கி மேலும் தொலைவிலுள்ளதைக் கண்டது, நுணுக்குக்காட்டி மேலும் நுண்ணியதைக் கண்டது, தராசு மேலும் இலேசானதை நிறுத்தது என்றவாறு ஒவ்வொரு கருவியின் கதையும் ஒரே திசையிற் செல்லும் வளர்ச்சியாகக் கூறப்படுவது வழக்கம். ஆயினும், ஒரு கருவி எவ்வளவு கூர்மையாகப் பார்க்கின்றது என்ற வினாவுக்கு முன்னதாகவே, அது எதனைப் பார்ப்பதற்குத் தெரிந்தெடுக்கின்றது என்ற வினா நிற்கின்றது. பார்க்கவேண்டியவை அளவிறந்தனவாகவும், பார்ப்பதற்குரிய நேரம் குறுகியதாகவும் இருக்கும்போது, இவ்விரண்டாம் வினாவே முடிவைத் தீர்மானிக்கின்றது.

வரலாறு பயில்வோருக்கு இவ்வினா புதியதன்று. கோயிற் கல்வெட்டிலே கொடையளித்தோர் பெயர் நிலைத்து நிற்கின்றது. அக்கோயிலுக்குக் கல் சுமந்தோர் பெயர் நிலைக்கவில்லை. மிகுதியாக எஞ்சிய சான்றே முக்கியமான சான்று எனக் கொள்ளும் ஆய்வாளன், சான்று விட்டுச் செல்லாதோரை வரலாற்றினின்றும் விலக்கிவிடுகின்றான். இதனையொத்த ஒரு பிழை, இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், உயிரியல் ஆய்வுகூடத்தின் மிக நுட்பமான கருவிகளுள் ஒன்றினுள்ளேயே விதியாக எழுதப்பட்டது. அவ்விதி எவ்வாறு தோன்றிற்று, அதனைத் திருத்துவதற்கு எவ்வெவ் வழிகள் நாடப்பட்டன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவியும் பொருளும்

திணிவு நிறமாலைமானி என்பது மூலக்கூறுகளை நிறுக்கும் கருவியாகும். நிறுக்கப்படவேண்டிய பொருள் முதலில் மின்னேற்றம் பெற்ற அயன்களாக மாற்றப்படுகின்றது. வெற்றிடத்திலே மின்புலமோ காந்தப்புலமோ அவ்வயன்களைச் செலுத்த, ஒவ்வொன்றும் தனது திணிவுக்கும் ஏற்றத்துக்கும் உள்ள விகிதத்திற்கேற்ப வெவ்வேறாகப் பிரிகின்றது. கேம்பிரிட்ஜ் நகரில் ஜே. ஜே. தொம்சன் 1912 ஆம் ஆண்டளவில் நேயன் வாயுவின் அயன்களை இவ்வாறு செலுத்தியபோது, ஒளிப்படத் தட்டில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு கோடுகள் தோன்றின. ஒன்று திணிவு 20 இற்கும் மற்றையது 22 இற்கும் உரியன. அவருடன் பணியாற்றிய பிரான்சிஸ் அஸ்ரன் 1919 இல் இம்முறையைச் செம்மைப்படுத்திப் பல மூலகங்களின் சமதானிகளை இனங்கண்டு, 1922 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

இக்காலத்தில் தேர்வு என்பது ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. குழாயினுள்ளே ஒரு வாயு இருந்தது. அதனை ஆய்வாளர் தாமே இட்டிருந்தார். புரதங்களைப் பொறுத்தவரையும் நிலைமை இதுவே. அமினோ அமிலங்கள் சங்கிலிபோற் பிணைந்தவையே புரதங்கள். அச்சங்கிலியின் சிறு துண்டுகள் பெப்தைட்டுகள் எனப்படும். பிரெடெரிக் சாங்கர் இன்சுலினிலுள்ள 51 அமினோ அமிலங்களின் ஒழுங்கை 1955 அளவில் முழுமையாக நிறுவினார். இதற்காக 1958 இல் நோபல் பரிசு பெற்றார். சுவீடனைச் சேர்ந்த பேர் எட்மன் 1950 இல், சங்கிலியின் ஒரு முனையிலிருந்து அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றி இனங்காணும் முறையை வெளியிட்டார். இம்முறைகள் யாவும் தூய்மையாக்கப்பட்ட ஒரு புரதத்தை வேண்டி நின்றன. எப்புரதத்தை ஆராய்வது என்பதை மனிதனே தீர்மானித்தான். அத்தீர்மானத்தின் பின்னரே ஆய்வு தொடங்கிற்று.

புரதங்கள் வெற்றிடத்தினுட் புகுந்தமை

திணிவு நிறமாலைமானி புரத ஆய்வினுள் நுழைவதற்கு நீண்ட காலம் சென்றது. இதற்கான காரணம் வெளிப்படையானது. கருவியினுள்ளே செல்லவேண்டிய பொருள் ஆவியாதல் வேண்டும். புரதமோ சூடாக்கினாற் கருகும். மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் கிளவுஸ் பீமன் 1950 களின் இறுதியிலிருந்து சிறு பெப்தைட்டுகளை இரசாயன முறையில் மாற்றி ஆவியாக்கி அவற்றின் ஒழுங்கை அறிய முயன்றார். 1981 இல் மான்செஸ்ரரில் மைக்கேல் பாபரும் அவரது குழுவினரும், வேகமான அணுக்களால் மோதி அயனாக்கும் முறையை அறிமுகப்படுத்தினர். எனினும் பெரிய தடை உடைந்தது 1980 களின் இறுதியிலேயே ஆகும். கியோத்தோவிலுள்ள சிமட்சு நிறுவனத்தில் பணியாற்றிய கொய்ச்சி தனாக்கா என்ற பொறியியலாளர், லேசர் ஒளியினாற் பெரும் புரத மூலக்கூறுகளைச் சிதையாமல் அயனாக்கியதை 1987 இல் அறிவித்தார். ஜேர்மனியில் மிக்கேல் கராஸ், பிரான்ஸ் ஹில்லன்காம்ப் ஆகியோர் லேசர் முறையை வேறொரு வழியில் வளர்த்து 1988 இல் புரதங்களுக்குப் பிரயோகித்தனர். யேல் பல்கலைக்கழகத்தில் ஜோன் பென், கரைசலை உயர் மின்னழுத்தத்தில் நுண்துளிகளாகத் தெளித்துப் புரத அயன்களைப் பெற்றார். தனாக்காவும் பென்னும் 2002 இல் நோபல் பரிசின் ஒரு பாதியைப் பகிர்ந்துகொண்டனர்.

இதே காலத்தில் இன்னொரு வளர்ச்சியும் நிகழ்ந்தது. எமது விடயத்துக்கு அதுவே இன்றியமையாதது. றிச்சட் யோஸ்ற், கிறிஸ்ரி எங்கே ஆகியோர் 1978 இல், மூன்று நான்முனை அலகுகள் தொடராக அமைந்த கருவியை விவரித்தனர். முதலாம் அலகு ஒரு குறித்த திணிவுடைய அயனை மட்டும் அனுமதித்து ஏனையவற்றைத் தள்ளிவிடும். இரண்டாம் அலகில் அது வாயு மூலக்கூறுகளுடன் மோதி உடையும். மூன்றாம் அலகு துண்டுகளை நிறுக்கும். வேர்ஜினியாப் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஹன்ற் இவ்வகைக் கருவியைக் கொண்டு புரதங்களின் அமினோ அமில ஒழுங்கை அறியலாம் என்பதை 1986 இல் எடுத்துக் காட்டினார். பெப்தைட்டு எவ்விடங்களில் உடைகின்றது என்பதிலிருந்து அதன் ஒழுங்கு வாசிக்கப்பட்டது. கலவையிலிருந்து ஒன்றைத் தெரிந்தெடுத்து மற்றவற்றைத் தள்ளிவிடுதல் கருவியின் செயற்பாட்டினுள்ளேயே இடம்பெற்றது இங்கேதான். ஆனால் எந்தத் திணிவைத் தெரிவது என்பதைக் கருவியின் முன் அமர்ந்திருந்த ஆய்வாளரே அப்போதும் தீர்மானித்தார்.

தேர்வு இயந்திரத்தின் கைக்கு மாறியமை

1994 இல் வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தில் ஜிம்மி எங், ஆஷ்லி மக்கோமக், ஜோன் யேற்ஸ் ஆகியோர், உடைந்த பெப்தைட்டின் நிறமாலையைப் புரத ஒழுங்குகளின் தரவுத்தளத்தோடு கணனி மூலம் ஒப்பிட்டு இனங்காணும் முறையை வெளியிட்டனர். நிபுணர் ஒருவர் மணிக்கணக்கில் வாசித்த நிறமாலையைக் கணனி தானே வாசிக்கத் தொடங்கியதும், தனிப் புரதத்தைத் தூய்மையாக்கும் தேவை குறைந்தது. கலத்திலுள்ள புரதங்கள் அனைத்தையும் ஒருங்கே எடுத்து, திரிப்சின் என்னும் நொதியத்தால் வெட்டி, கிடைக்கும் பெப்தைட்டுக் கலவையை நேரடியாகவே கருவியினுட் செலுத்தலாம் என்ற நிலை உருவாயிற்று. திரிப்சின் லைசின், ஆர்ஜினின் ஆகிய இரு அமினோ அமிலங்களின் பின்னரே பெரும்பாலும் வெட்டுவதால், துண்டுகள் எவையாக இருக்கும் என்பதை முன்கூட்டியே கணிக்கலாம் என்பது இம்முறையின் பெரும் வசதியாகும்.

ஆனால் ஒரு கலத்தின் புரதங்களை இவ்வாறு வெட்டினாற் கிடைக்கும் பெப்தைட்டுகளோ இலட்சக்கணக்கானவை. அவை திரவ நிறப்பதிவு நிரலினூடாகச் சென்று, சிறிது சிறிதாக வெளிவருகின்றன. ஒரு பெப்தைட்டு வெளிவந்து மறைவதற்கு எடுக்கும் நேரம் சில பத்து விநாடிகளே. அந்நேரத்தில் அதனுடன் கூடவே வெளிவரும் பிறவும் பல. எதனை உடைப்பது என மனிதன் இருந்து தீர்மானிக்க அவகாசமில்லை. எனவே தீர்மானம் இயந்திரத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இயந்திரத்துக்கு வழங்கப்பட்ட விதி எளிமையானது: முதலில் அனைத்தையும் ஒருமுறை நோக்குக, செறிவு மிகுந்த சிலவற்றை, உதாரணமாகப் பத்தினை, வரிசைப்படுத்துக, அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து உடைக்குக, பின்னர் மீண்டும் நோக்குக.

இவ்விதியை வகுத்தோர் அறியாமையால் வகுத்தனர் என்று கூறுதல் பொருந்தாது. செறிவு மிகுந்த அயனே தெளிவான நிறமாலையைத் தரும். தெளிவான நிறமாலையே ஐயமின்றி இனங்காணப்படும். விதியின் குறைகளை ஈடுசெய்யத் துணை விதிகளும் சேர்க்கப்பட்டன. ஒருமுறை உடைக்கப்பட்ட அயனைச் சிறிது நேரத்துக்கு மீண்டும் தெரியலாகாது என்பது ஒன்று. திரிப்சின் வெட்டிய பெப்தைட்டுகள் மின்தெளிப்பில் பெரும்பாலும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஏற்றங்களைப் பெறுவதால், ஒற்றை ஏற்றமுடையவற்றை மாசுகளெனக் கருதி விலக்குக என்பது மற்றொன்று. இவ்வழியில் 2001 இல் யேற்ஸின் குழுவினர் மதுவத்தின் 1,484 புரதங்களை இனங்கண்டமை அக்காலத்திற் பெருஞ்சாதனையாகும்.

செறிவின் ஆதிக்கம்

விதியின் குறைபாடு மதுவத்தைவிட மனித இரத்தத்திலேயே தெளிவாகப் புலப்பட்டது. குருதி முதலுருவிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய அரைவாசி அல்புமின் என்னும் ஒரே புரதமாகும். நோயை அறிவிக்கக்கூடிய புரதங்கள் பலவும் இழையங்களிலிருந்து மிகச் சிறிதளவே இரத்தத்திற் கசிபவை. அல்புமினுக்கும் இவற்றுட் சிலவற்றுக்கும் இடையிலான செறிவு வேறுபாடு ஆயிரங்கோடி மடங்கையும் விஞ்சும் என 2002 இல் லீ அன்டர்சன், நோர்மன் அன்டர்சன் ஆகியோர் சுட்டிக் காட்டினர். செறிவு மிகுந்ததை முதலில் தெரியும் இயந்திரம் இத்தகைய கலவையில் அல்புமினின் துண்டுகளையே திரும்பத் திரும்பக் காணும். அல்புமினை முன்னரே அகற்றிவிடலாம் என்றாலோ, அதனுடன் ஒட்டியுள்ள வேறு புரதங்களும் கூடவே அகன்றுவிடுகின்றன.

இரண்டாவது குறைபாடு மேலும் நுட்பமானது. செறிவு மிகுந்தவை எப்போதும் தெரியப்படும். மிகக் குறைந்தவை எப்போதும் விடுபடும். இடைப்பட்டவற்றின் நிலை தற்செயலைப் பொறுத்ததாகும். ஒரே மாதிரியை ஒரே கருவியில் இருமுறை செலுத்தினால், கிடைக்கும் பெப்தைட்டுப் பட்டியல்கள் 35 முதல் 60 சதவீதம் வரையே ஒத்திருந்தன எனப் பல ஆய்வுகூடங்களை உள்ளடக்கிய ஓர் ஆய்வு 2010 இல் தெரிவித்தது. நோயுற்றவரின் இரத்தத்திற் காணப்பட்ட ஒரு புரதம் நோயற்றவரிடம் காணப்படவில்லையெனின், அது உண்மையில் அங்கில்லையா, அன்றி இயந்திரம் அதனைத் தெரியவில்லையா என்று கூறமுடியாத நிலை இதனால் ஏற்பட்டது. சான்றின்மை இன்மைக்குச் சான்றாகாது என்னும் கோட்பாட்டை வரலாற்று மாணவர் நன்கறிவர். இங்கே அக்கோட்பாடு நோயாளரின் வாழ்வோடு தொடர்புறுகின்றது.

2011 இல் மத்தியாஸ் மானும் அவரது குழுவினரும் இக்குறைபாட்டின் பரிமாணத்தை அளந்தனர். ஒரே ஓட்டத்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பெப்தைட்டு அடையாளங்கள் கருவியின் முன்னோக்கிற் பதிவாகியிருந்தன. ஆனால் அவற்றிற் பெரும்பான்மையானவை உடைப்பதற்குத் தெரியப்படவேயில்லை. கருவி அவற்றைக் கண்டிருந்தது. எனினும் அவை எவையென விசாரிக்கவில்லை. குறை கூர்மையில் மட்டும் இல்லை, தேர்விலும் உள்ளது என்பதற்கு இதனினும் வலுவான சான்று வேண்டியதில்லை.

முன்கூட்டிப் பெயர் குறித்தல்

இக்குறையைத் தீர்க்க முயன்றோர் முதலில் நாடிய வழி, தேர்வை மீண்டும் மனிதனிடம் ஒப்படைத்தலாகும். எப்பெப்தைட்டுகளை அளக்கவேண்டும் என்று முன்னரே பட்டியலிட்டு, அவை செறிவிற் குறைந்தனவாயினும் அவற்றுக்காகவே கருவியைக் காத்திருக்கச் செய்தல் இம்முறையாகும். இதற்கு மும்மடி நான்முனைக் கருவி மிகவும் பொருத்தமாக அமைந்தது. ஆனால் ஒரு புரதத்தின் சார்பில் எந்தப் பெப்தைட்டை நிறுத்துவது? அது வேறெந்தப் புரதத்திலும் காணப்படாததாக இருத்தல் வேண்டும். எளிதில் அயனாதல் வேண்டும். திரிப்சின் தவறாது வெட்டும் இடங்களுக்கு இடைப்பட்டதாக இருத்தல் வேண்டும். எளிதில் ஒட்சியேற்றமடையும் மெதியோனினைக் கொண்டிராதிருத்தல் நன்று. தனது புரதத்தை ஐயமின்றியும் அடிக்கடியும் வெளிப்படுத்தும் இத்தகைய பெப்தைட்டுகளைக் கண்டறியும் முறைகளை பேர்னாட் குஸ்ரர், பராக் மாலிக், றூடி ஏபர்சோல்ட் முதலியோர் 2005, 2007 ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளில் விளக்கினர்.

இம்முறையின் பயனைத் தைரோகுளோபுலின் என்னும் புரதம் நன்கு காட்டுகின்றது. தைரொயிட்டுப் புற்றுநோய்க்காகச் சுரப்பி அகற்றப்பட்டவரின் இரத்தத்தில் இப்புரதம் மீண்டும் தோன்றுமாயின், நோய் மீண்டுள்ளது எனச் சந்தேகிக்கலாம். இதனை அளப்பதற்கு வழமையாகப் பிறபொருளெதிரிகள் பயன்படுத்தப்படுகின்றன. ஆனால் நோயாளர் சிலரின் உடல் இப்புரதத்துக்கெதிராகத் தானே பிறபொருளெதிரிகளை உண்டாக்குவதால், அளவீடு பிழைத்துப் புரதம் இருந்தும் இல்லையெனக் காட்டக்கூடும். வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தில் அன்ட்ரூ ஹூஃப்னேகிளும் சகபாடிகளும் 2008 இல் வேறொரு வழியைக் காட்டினர். இரத்தத்திலுள்ள புரதங்கள் அனைத்தையும் திரிப்சினால் வெட்டினால், குழப்பம் விளைவிக்கும் பிறபொருளெதிரிகளும் வெட்டுண்டு செயலிழக்கின்றன. அதன்பின் தைரோகுளோபுலினுக்கே உரிய பெப்தைட்டைச் செறிவாக்கித் திணிவு நிறமாலைமானியால் அளந்தனர். சரியாகத் தெரியப்பட்ட ஒரு சிறு துண்டு, முழுப் புரதத்தாலும் இயலாத சாட்சியத்தை வழங்கிற்று.

எனினும் மனிதத் தேர்வுக்கும் தனக்குரிய சாய்வு உண்டு. பட்டியலில் இடம்பெறுவது பட்டியலிடுவோன் ஏற்கெனவே அறிந்தது மட்டுமே. மனிதப் பரம்பரையலகுத் தொகுதி வாசிக்கப்பட்டுப் பத்தாண்டுகள் கழிந்த பின்னரும், புரத ஆய்வின் பெரும்பகுதி அதற்கு முன்னர் அறியப்பட்டிருந்த புரதங்களையே சுற்றி வருகின்றது என 2011 இல் அலெட் எட்வேட்சும் பிறரும் எடுத்துக் காட்டினர். இயந்திரம் செறிந்ததை நாடிற்று. மனிதன் பழகியதை நாடினான்.

தேர்வைக் கைவிடும் முயற்சி

மூன்றாவது வழி, தேர்வையே கைவிடுதல். 2004 இல் யேற்ஸின் குழுவினர், அயன்களைத் தனித்தனியே தெரியாமல், திணிவு வரம்பைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் உள்ள அனைத்தையும் ஒருங்கே உடைக்கும் முறையை முன்வைத்தனர். 2012 இல் சூரிச் நகரில் ஏபர்சோல்ட்டின் குழுவினர் இதனை விரிவாக வளர்த்தனர். 400 முதல் 1,200 வரையான வரம்பு, 25 அலகு அகலமுடைய 32 சாளரங்களாக வகுக்கப்பட்டது. கருவி ஒவ்வொரு சாளரமாகத் திறந்து, உள்ளே யார் உளர் என்று கேளாமலே உடைத்துப் பதிவு செய்தது. செறிந்ததும் செறியாததும் ஒரே ஒழுங்கில் மீண்டும் மீண்டும் பதிவானமையால், ஓட்டத்துக்கு ஓட்டம் பட்டியல் மாறும் குறை பெருமளவு நீங்கிற்று.

ஆனால் பல பெப்தைட்டுகளின் துண்டுகள் ஒரே நிறமாலையிற் கலந்துவிடுவதால், எத்துண்டு எதற்குரியது எனப் பிரித்தறிதல் கணனியின் பொறுப்பாயிற்று. அதற்கு, ஏற்கெனவே இனங்காணப்பட்ட பெப்தைட்டுகளின் நிறமாலை நூலகங்கள் தேவைப்பட்டன. நூலகத்தில் இல்லாததைத் தேடமுடியாது. ஆகவே தேர்வு மறையவில்லை. அது கருவியிலிருந்து நூலகத்துக்கு இடம்பெயர்ந்தது. மியூனிக் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தினர் முன்னின்று 2019 இல் வெளியிட்ட புரோசிற் என்னும் செயற்கை நரம்பு வலையமைப்பு, ஒரு பெப்தைட்டு எவ்வாறு உடையும் என்பதை அதன் ஒழுங்கிலிருந்தே முன்னறிந்து கூறியபோது, காணப்படாத பெப்தைட்டுகளுக்கும் நூலகத்தில் இடமளிக்கும் வாய்ப்புத் தோன்றிற்று.

தேர்வு விளக்கத்திலும் நிகழ்கின்றது என்பதற்கு 2009 இல் வெளியான ஒரு பரிசோதனை சிறந்த சான்றாகும். சம அளவில் 20 புரதங்கள் கொண்ட மாதிரி 27 ஆய்வுகூடங்களுக்கு அனுப்பப்பட்டது. செறிவு வேறுபாடு என்னும் இடர் இங்கு இல்லை. ஆயினும் தொடக்கத்தில் 7 ஆய்வுகூடங்களே இருபதையும் சரியாக அறிவித்தன. பின்னர் எல்லா ஆய்வுகூடங்களினதும் மூலத் தரவுகளை ஓரிடத்தில் வைத்து ஆராய்ந்தபோது, இருபதும் 27 இடங்களிலும் பதிவாகியிருந்தமை தெரியவந்தது. ஆவணக் காப்பகத்தில் ஏடு இருந்தும் அதனை வாசிப்போர் தவறவிட்டமைக்கு இது ஒப்பாகும்.

விதியைத் திருத்துதல்

அண்மைக்கால முயற்சிகள் தேர்வைக் கைவிடாமல், அதன் விதியையே திருத்த முனைகின்றன. மானின் குழுவினர் 2018 இல் வெளியிட்ட ஒரு முறையில், அயன்களைச் சேகரிக்கும் கொள்கலம் முழுவதையும் செறிந்த அயன்கள் நிரப்பிவிடாதவாறு, திணிவு வரம்பு பல சிறு பெட்டிகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் தனிப் பங்கு வழங்கப்படுகின்றது. 2019 இல் அதே ஆய்வு வட்டத்திலிருந்து வெளியான மக்ஸ்குவான்ற் லைவ் என்னும் கணனி நிரல், ஓட்டம் நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே கருவியை வழிநடத்தி, 25,000 இற்கும் மேற்பட்ட பெப்தைட்டுகளைப் பெயர் குறித்துத் தேடச் செய்தது. முன்னர் சில நூறுகளுடன் நின்ற பட்டியல் இவ்வாறு விரிந்தது.

தனிக் கலங்களின் புரதங்களை ஆராயத் தொடங்கியபோது இப்பிரச்சினை மேலும் கூர்மையடைந்தது. பரம்பரையலகைப் பிரதியெடுத்துப் பெருக்கலாம். புரதத்தை அவ்வாறு பெருக்க இயலாது. ஒரு கலத்தில் உள்ளதே ஆய்வாளனின் முழு முதலாகும். நிக்கொலாய் ஸ்லாவொவின் குழுவினர் 2023 இல் வெளியிட்ட முறையில், பெப்தைட்டுகள் முக்கியத்துவத்திற்கேற்பப் பல படிகளில் வைக்கப்படுகின்றன. மேற்படியிலுள்ளவை தோன்றும்போதெல்லாம் முதலிடம் பெறுகின்றன. எஞ்சிய நேரம் அடுத்த படிகளுக்குச் செல்கின்றது. எது முக்கியம் என்ற முடிவு செறிவினின்றும் விடுபட்டு, ஆய்வாளனின் வினாவுடன் இணைக்கப்பட்டமையே இங்கு மனங்கொள்ளத்தக்கது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, திணிவு நிறமாலைமானியின் வரலாற்றில் தேர்வு மனிதனிடமிருந்து இயந்திரத்துக்கும், இயந்திரத்திலிருந்து பட்டியலுக்கும், பட்டியலிலிருந்து நூலகத்துக்குமாக இடம்பெயர்ந்து வந்துள்ளமை புலனாகும். ஒரு கட்டத்திலேனும் அது இல்லாதொழியவில்லை. முன்னேற்றம் நிகழ்ந்த இடங்களிலெல்லாம், மறைந்து கிடந்த ஒரு தேர்வு விதி வெளிப்படுத்தப்பட்டு, அதன் சாய்வு அளக்கப்பட்டமையே அம்முன்னேற்றத்துக்கு அடிப்படையாயிற்று.

மனிதப் புரதத்தொகுதி ஆய்வுக்கான சர்வதேச அமைப்பு, மனிதனிடம் இருக்கவேண்டிய புரதங்களுள் 90.4 சதவீதத்துக்கு உறுதியான சான்று கிடைத்துள்ளதாக 2020 இல் அறிவித்தது. அவ்வேளை எஞ்சியிருந்தவற்றை ஆய்வாளர் ‘காணாமற்போன புரதங்கள்’ என அழைத்தனர். அவற்றுட் சில மிக அரிதாகவோ, உடலின் ஏதோ ஒரு மூலையிலோ, வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் மட்டுமோ தோன்றுவனவாயிருக்கலாம்; சில திரிப்சின் வெட்டுவதற்கு வாய்ப்பற்ற அமைப்புடையனவாயிருக்கலாம். எவ்வாறாயினும், அவை காணாமற்போனமைக்கான காரணத்தை அவற்றின் இயல்பில் மட்டும் தேடாது, தேடியோர் வகுத்த விதிகளிலும் தேடுதல் வேண்டும். சான்றுகளின் மௌனத்தை எதிர்கொள்ளும் எத்துறை ஆய்வாளனுக்கும் இது பொருந்தும்.